புத்தகத்தின் தடிமனுக்கு அளவுகோலா, காலிப்பரா? எந்தப் பொருளை எந்தக் கருவியால் அளப்பது?

கேள்வி (மரநிழல்):

வீட்டுப் பொருள்களை அளந்து குறித்துக்கொள்ள வேண்டிய தேவை எனக்கு அடிக்கடி வருகிறது. அலமாரித் தட்டுக்குக் கண்ணாடி வெட்டக் கொடுப்பது, தொலைந்த திருகாணிக்கு மாற்றுத் தேடுவது, குழாய்க்கு வாஷர் வாங்குவது, அடுக்கில் எத்தனை புத்தகங்கள் கொள்ளும் என்று கணக்கிடுவது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இதுவரை 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோல், தையல் டேப், இழுத்தால் நீளும் எஃகு டேப் ஆகிய மூன்றையும் கொண்டே சமாளித்துவந்தேன். அண்மையில், பொருளை இரண்டு தாடைகளுக்கு இடையே பிடித்து அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்றை வாங்கினேன். அதன் திரை 0.01 மி.மீ. வரை காட்டுகிறது. குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒரு புத்தகத்தின் தடிமனை அளவுகோலால் அளந்தால் 23 மி.மீ. என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. அதே புத்தகத்தைக் காலிப்பரில் வைத்தால் ஒருமுறை 23.41, மறுமுறை 22.96, முதுகுப் பக்கம் வைத்தால் 24-க்கும் மேல் என்று எண் மாறிக்கொண்டே இருக்கிறது. நுட்பமான கருவி உறுதியான விடையைத் தரும் என்றல்லவா எதிர்பார்த்தேன்? இவற்றில் எதை நம்புவது? எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி என்று தீர்மானிக்க ஏதேனும் முறை இருக்கிறதா? உருண்டையான பொருள்களையும், அழுத்தினால் அமுங்கும் பொருள்களையும் எப்படி அளப்பது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பட்டறைவாசி):

உங்கள் காலிப்பரில் குறை ஏதும் இல்லை, நண்பரே. அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு தடிமன் என்பது கிடையாது. அதைத்தான் காலிப்பர் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. தாள்களுக்கிடையே காற்று இருக்கிறது, முதுகில் பசை இருக்கிறது, விரல் அழுத்தத்துக்கேற்ப அட்டை அமுங்குகிறது. பொருளே அரை மில்லிமீட்டர் அளவுக்கு மாறும்போது, அதை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தகத்துக்கு அளவுகோல் சொன்ன 23 மி.மீ. என்பதே போதுமான, நேர்மையான விடை.

ஆகவே, கருவியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அளந்து கிடைக்கும் எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான். அந்த வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று பாருங்கள். தாங்கக்கூடிய பிழையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும் கருவி வேண்டும் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வீட்டு வேலைக்கு நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு போதும். புத்தக அடுக்கில் 5 மி.மீ. கூடக் குறைய இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எனவே மில்லிமீட்டர் கோடுள்ள எதுவும் அங்கே போதும்.

திருகாணிக்கு நிலைமை வேறு. மெட்ரிக் முறையில் எம்6 எனப்படும் திருகாணியின் பெயரளவு விட்டம் 6 மி.மீ.; கால் அங்குலத் திருகாணிக்கு 6.35 மி.மீ. வெட்டிய மரையின் உச்சியை அளந்தால் இரண்டுமே பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இந்த வேறுபாட்டை அளவுகோலால் பிடிக்க முடியாது, காலிப்பர்தான் வேண்டும். ஆனால் விட்டத்தோடு நின்றுவிடாமல் மரைகளின் இடைவெளியையும் பாருங்கள். எம்6-இன் வழக்கமான இடைவெளி 1 மி.மீ., கால் அங்குலத்தின் பரும்மரையில் (அகன்ற இடைவெளியுள்ள மரையில்) 1.27 மி.மீ. ஒரே ஓர் இடைவெளியை அளந்தால் ஏமாந்துவிடுவோம். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் ஒன்று 10 மி.மீ., மற்றொன்று 12.7 மி.மீ. என்று வரும். அதைச் சொல்ல உங்கள் பிளாஸ்டிக் அளவுகோலே போதும்.

கண்ணாடிக்கு எஃகு டேப் பொருத்தமானது. பொதுவாகக் கண்ணாடியை இடைவெளியைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறைத்தே வெட்டுவார்கள் என்பதால் நுட்பம் அங்கே சிக்கலில்லை. எங்கே அளக்கிறோம் என்பதுதான் சிக்கல். அகலத்தை முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் சட்டம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது எவ்வளவு சரியாக அளந்து வெட்டிய நீள்சதுரமும் உள்ளே போகாது.

எஃகு டேப்பின் முனையிலுள்ள கொக்கி ஆடுவதைப் பார்த்து, பழுதென்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொக்கித் தகட்டின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவு தூரம் அது நகர வேண்டும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது தகட்டின் உட்பக்கம் சுழியாகிறது. சுவரில் முட்டவைத்து அழுத்தும்போது கொக்கி உள்ளே நகர்ந்து தகட்டின் வெளிப்பக்கம் சுழியாகிறது. அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டால் உள்ளளவு, வெளியளவு இரண்டில் ஒன்று எப்போதும் தவறும்.

அலமாரியின் உள்ளகலத்தை அளக்கும்போது டேப் மூலையில் வளைந்து, எந்தக் கோட்டைப் படிப்பது என்று தெரியாமல் போகும். அதற்கு எண்ணே தேவைப்படாத ஒரு வழி உண்டு. மெல்லிய குச்சிகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து, ஒரு முனை இடச் சுவரையும் மறுமுனை வலச் சுவரையும் தொடும்வரை நகர்த்தி, இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் கோட்டை மீண்டும் பொருத்தினால் இடைவெளி அப்படியே உங்கள் கையில் இருக்கும். பலகை வெட்டுவதாக இருந்தால் அதையே பலகைமீது வைத்துக் குறிக்கலாம். படித்து எழுதுவதில் வரும் பிழைக்கு அங்கே இடமே இல்லை.

மறுமொழி (கரும்பலகை):

மேலே சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆயினும் காலிப்பரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் எண் தெரிவதாலேயே அதை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம்.

திரை 0.01 மி.மீ. வரை காட்டுகிறது என்பதற்கு அந்தக் கடைசி இலக்கம் சரி என்று பொருளில்லை. 150 மி.மீ. நீளமுள்ள வழக்கமான டிஜிட்டல் காலிப்பருக்கு, 0.02 அல்லது 0.03 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று செய்பவர்களே குறிப்பிடுவார்கள். தாடைகளை மூடினால் 0.00 வருகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். இடையில் ஒரு தூசி இருந்தாலும் சுழிப்பிழை வந்துவிடும். அதைவிட முக்கியமானது, பொருளைத் தாடையில் எங்கே வைக்கிறோம் என்பது. காலிப்பரில் அளக்கும் கோடு ஓரிடத்திலும் அளவுத்தண்டு வேறோரிடத்திலும் இருக்கின்றன. தாடையின் நுனியில் பொருளைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால், நகரும் தாடை மிகச் சிறிதளவு சாய்ந்து குறைந்த அளவைக் காட்டும். பொருளைத் தண்டுக்கு அருகே, உட்புறமாகத் தள்ளிப் பிடித்தால் இந்தப் பிழை குறையும். அளக்கப்படும் நீளமும் அளவுக்குறிகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்ற விதியை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் வகுத்தார்.

திருகு அளவி, அதாவது மைக்ரோமீட்டர், அந்த விதிக்கு இணங்க அமைந்தது. அதன் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. முன்னேறுகிறது, திருகோடு சுழலும் தலைக்கோலில் 50 பிரிவுகள் இருப்பதால் மீச்சிற்றளவு, அதாவது படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. ஆகிறது. அழுத்தத்தை உங்கள் விரலின் விருப்பத்துக்கு விடாமல், அளவு மீறினால் வழுக்கும் ராட்செட் முனை ஒன்றும் அதில் உண்டு. கம்பி, தகடு, பிளாஸ்டிக் தாள் போன்றவற்றுக்கு அது சிறந்தது. ஆனால் வழக்கமான அளவி 25 மி.மீ.-க்கு மேல் திறக்காது, உள்விட்டத்தை அளக்காது, ஆழத்தையும் அளக்காது. இம்மூன்றையும் காலிப்பர் செய்யும் என்பதால் வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் காலிப்பரே என் தேர்வு.

இருப்பினும் மெல்லிய பொருளுக்குக் கட்டாயம் நுட்பமான கருவிதான் வேண்டும் என்பதில்லை. சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள அச்சுத்தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதை அளவுகோலில் வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் 500 தாள் கொண்ட பிரிக்காத கட்டைத் தட்டிச் சமன்செய்து, மேலே ஒரு பலகையை வைத்து அழுத்தி அளவுகோலால் அளந்தால், அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் அது 500-ஆல் வகுபட்டுத் தாளுக்கு 0.001 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பத்து மரைகளைச் சேர்த்து அளக்கச் சொன்னதும் இதே கணக்குதான். மெல்லிய கம்பியைப் பென்சிலின்மேல் இடைவெளியின்றி இருபது சுற்றுச் சுற்றி, சுருளின் நீளத்தை இருபதால் வகுத்தும் பார்க்கலாம். இதில் கிடைப்பது சராசரி மட்டுமே. ஒரு தாள் மற்றொன்றைவிடத் தடிப்பாக இருக்கிறதா என்று கேட்டால் கட்டு பதில் சொல்லாது.

இடமாறு தோற்றப் பிழையைப் பற்றியும் ஒரு சொல். தடித்த பிளாஸ்டிக் அளவுகோலில் குறிகள் பொருளுக்கு இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் எளிதாக மாறித் தெரியும். கோலை விளிம்பின்மேல் செங்குத்தாக நிறுத்திக் குறிகள் பொருளையே தொடும்படி வைத்தால் இது தீர்ந்துவிடும். சுழி முனை தேய்ந்துபோன கோலாக இருந்தால் 10 செ.மீ. குறியிலிருந்து தொடங்குங்கள். 1 செ.மீ. குறியிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. கழிக்க மறந்தால், ஒரு சென்டிமீட்டர் தவறு கண்ணில் படாமல் தப்பிவிடும், பத்து சென்டிமீட்டர் தவறோ உடனே துருத்திக்கொண்டு தெரியும்.

மறுமொழி (நூலிழை):

உருண்டையான, அமுங்கும் பொருள்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருவரும் தையல் டேப்பை மறந்துவிட்டார்கள்.

காலிப்பரின் வாய்க்குள் நுழையாத வாளி, தூண், பெரிய குழாய் ஆகியவற்றைச் சுற்றி டேப்பை வைத்துச் சுற்றளவை எடுத்து 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். இதில் ஓர் ஆதாயம் உண்டு: படிப்பதில் நேரும் பிழையும் அதே எண்ணால் வகுபடுகிறது. 900 மி.மீ. சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் விட்டத்தில் 0.3 மி.மீ. மட்டுமே தவறும். ஆனால் டேப்புக்கும் தடிமன் உண்டு. கிடைக்கும் விட்டம் ஏறக்குறைய அந்தத் தடிமன் அளவுக்குக் கூடுதலாக இருக்கும் என்பதால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். டேப் சாய்வாகச் சுற்றியிருந்தாலும் அளவு கூடும். பழைய துணி டேப்பாக இருந்தால் முதலில் எஃகு டேப்பின் பக்கத்தில் விரித்துவைத்து ஒப்பிடுங்கள். ஒரு மீட்டரில் அரை சென்டிமீட்டர் நீண்டுவிட்ட டேப்பைத் தெரியாமலேயே பலரும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடியிழை கலந்து செய்த டேப் அவ்வளவாக நீளாது.

டேப்பால் முடியாதது ஒன்று உண்டு. குழாய் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தாலும் டேப் ஒரே எண்ணைத்தான் சொல்லும். சற்றுத் திருப்பித் திருப்பி இரண்டு, மூன்று திசைகளில் காலிப்பரால் அளந்தால்தான் நசுக்கம் வெளிப்படும்.

வாஷரைப் பொறுத்தவரை, பழைய ரப்பர் வளையத்தை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டாம். அது பல காலம் அழுந்தித் தட்டையாகி, உருமாறிப்போயிருக்கும். அது உட்காரும் பள்ளத்தையும், அதன் நடுவே செல்லும் குழாயையும் அளந்துகொள்ளுங்கள். பள்ளம் சிறியதாக இருந்தால் காலிப்பரில் உள்ளளவு எடுக்கும் மேல்தாடைகளை நம்புவதில் கவனம் தேவை. அவற்றின் விளிம்புகள் கத்திமுனை போலக் கூர்மையாக இல்லாமல் சிறிது தட்டையாக இருப்பதால், சிறு துளைகளில் உண்மை விட்டத்தைவிடக் குறைத்தே காட்டும். துளைக்குள் இறுக்கமின்றி நுழையும் துளையிடு அலகைக் கண்டுபிடித்து அதன் தண்டை அளப்பது மேல். துணி, நுரைமெத்தை போன்றவற்றை எந்தத் தாடையாலும் கிள்ளாதீர்கள். இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்து, பலகைகளின் இடைவெளியை அளவுகோலால் அளந்தால் போதுமானது.

மறுமொழி (மரநிழல்):

மூவருக்கும் நன்றி. அலமாரியின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 3 மி.மீ. குறைவு. மூலைவிட்டங்கள் ஒத்துப்போகின்றன.

ஒரு துணைக்கேள்வி. என்னிடமுள்ள மின்னணுத் தராசு 5 கிலோ வரை, ஒரு கிராம் படியில் காட்டும். அதில் பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டுத் தூளைச் சிறிது சிறிதாகத் தூவினால், வெகுநேரம் 0 என்றே நிற்கிறது. தராசு பழுதா? நீர்மங்களை எதால் அளப்பது நல்லது?

மறுமொழி (துலாக்கோல்):

தராசு பழுதில்லை. இத்தகைய தராசுகள் பலவற்றில், வெப்பத்தாலும் காற்றாலும் எண் மெல்ல நகர்ந்துவிடாமல் இருக்க, சுழியையொட்டி நிகழும் சிறு மாற்றங்களைத் தானாகவே சுழியாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. நீங்கள் தூவுகிற வேகம் அதற்கு அந்த நகர்வைப் போலவே தோன்றுவதால், வந்து விழும் தூளை விழுங்கிவிடுகிறது. எண் சுழிக்கருகில் நில்லாதபடி செய்தால் தீரும். பாத்திரத்தைச் சுழியாக்காமல் அதன் எடையைக் குறித்துக்கொண்டு, தூள் போட்ட பிறகு வரும் எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அல்லது தூளைப் பாத்திரத்துக்கு வெளியே சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், படியின் அளவு. ஒரு கிராம் படியுள்ள தராசு 3 என்று காட்டினால் உண்மை எடை 2.5 முதல் 3.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது, ஆறில் ஒரு பங்கு ஐயம். அதே தராசில் 300 கிராம் நிறுத்தால் அந்த அரை கிராமை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. திருகாணி ஒன்றின் எடை வேண்டுமானால் ஐம்பதை நிறுத்து வகுக்கலாம். ஒன்றாகப் பிரித்து எண்ண முடியாத தூளுக்கு அந்த வழி இல்லாததால், 0.1 அல்லது 0.01 கிராம் படியுள்ள சிறு தராசு தனியாக வேண்டும். அத்தகைய தராசு பெரும்பாலும் சில நூறு கிராமுக்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீர்மத்துக்குக் குறுகிய அளவுச்சாடி நல்லது. வாய் அகன்ற குவளையில் ஒரு மில்லிமீட்டர் உயரமே பல மில்லிலிட்டர் ஆகிவிடும். ஒடுங்கிய சாடியில் அதே உயரம் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. தண்ணீரின் மேற்பரப்பு விளிம்பில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து குழிவின் அடியைப் படிக்க வேண்டும். தண்ணீராக மட்டும் இருந்தால் சாடியே தேவையில்லை. 20 டிகிரி செல்சியசில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் நிறை 0.998 கிராம். ஆகவே உங்கள் தராசே நல்லதொரு அளவுச்சாடி. எண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது தண்ணீரைவிட இலேசானது.

ஒழுங்கற்ற வடிவமுள்ள கல், சாவி, பொம்மை ஆகியவற்றின் பருமனையும் இதே தராசில் காணலாம். தண்ணீர் உள்ள குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். நூலின் சுமையை உங்கள் கை தாங்குவதால் பொருளின் எடை தராசுக்குத் தெரியாது; விலகிய தண்ணீரின் எடை மட்டுமே எண்ணில் கூடும். 42 கிராம் கூடினால் பருமன் ஏறத்தாழ 42 கன சென்டிமீட்டர். வழிந்த நீரைச் சேகரித்து அளப்பதைவிட இது பன்மடங்கு மேலானது.

மறுமொழி (பட்டறைவாசி):

நல்ல வழி, நானும் செய்து பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பின்பக்க அளவையே கொடுங்கள், மரநிழல்.

டேப் பற்றி விட்டுப்போனது ஒன்று. எஃகு டேப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என அவற்றின் தரவகுப்பு அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பிய விதிகளின்படி, இரண்டாம் வகுப்பு டேப் 5 மீட்டர் நீளத்தில் 1.3 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம். முதல் வகுப்புக்கு 0.6 மி.மீ. எனவே இடைவெளியை ஒரு டேப்பால் அளந்துவிட்டுப் பலகையை வேறொரு டேப்பால் குறிப்பது வீண் தொல்லை. இரண்டுக்கும் ஒரே டேப்பைப் பயன்படுத்தினால் அதன் பிழை இரண்டு பக்கமும் சமமாகி மறைந்துவிடும்.

லேசர் தொலைவு அளவி வாங்கும் எண்ணம் வந்தால், அறைகளின் நீள அகலங்களுக்கு மட்டும் அது உதவும் என்று கொள்ளுங்கள். வழக்கமாக அதன் பிழை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். பத்து மீட்டருக்கு அது மிகச் சிறப்பு, அலமாரித் தட்டுக்கு டேப்பே மேல். பெரும்பாலான அளவிகள் தம் பின்விளிம்பிலிருந்துதான் தூரத்தைக் கணக்கிடுகின்றன. முன்விளிம்பிலிருந்து கணக்கிடும்படி யாராவது மாற்றி வைத்திருந்தால், அளவியின் முழு நீளமும் உங்கள் அளவில் காணாமல் போய்விடும். அளக்கத் தொடங்குமுன் திரையின் மூலையிலுள்ள குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.